விடிகாலைக் கடலும் கணக்கில் வராத சந்தோஷமும்

"அந்தத் தண்ணியிலயா சார் குளிக்கிறீங்க?"

ஆபீஸ்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி போன வாரம் என்கிட்ட கேட்ட கேள்வி இது. அடையாறு பக்கத்து ஆளு. டீ குடிக்கும்போது, தினமும் காலையில திருவொற்றியூர் கடல்ல நீந்திட்டுத்தான் ஆபீஸ் வர்றேன்னு வாய் தவறி சொல்லிட்டேன். கப்பை அப்படியே கீழ வச்சுட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. வட சென்னைன்னா அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் கன்டெய்னர் லாரி, புகைபோக்கி, அப்புறம் சினிமால வர்ற அரிவாள் :-)

அவர்கிட்ட ஒழுங்கா பதில் சொல்லல. "ஆமாம்பா, பழக்கமாயிடுச்சு"ன்னு மழுப்பிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் மனசு உறுத்துச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல ஒரு விஷயத்தை ஆசையா செஞ்சுட்டு, அதைச் சொல்ல ஏன் கூச்சப்படணும்? அதான் இன்னைக்கு உக்காந்து எழுதுறேன்.

*

எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது அப்பா. எனக்கு அப்போ ஒன்பது வயசு. அப்பாவுக்கு ஹார்பர்ல வேலை. பகல் ஷிஃப்ட் இருக்கிற நாள்ல, கிளம்புறதுக்கு முன்னாடி விடியற்காலையில என்னை எழுப்பி சைக்கிள் பார்ல உக்கார வச்சு கடலுக்குக் கூட்டிட்டுப் போவார். கோச்சும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. இடுப்புத் துண்டை எனக்கு நெஞ்சுல கட்டி, முனையை அவர் கையில பிடிச்சுக்குவார். ஒரு மாசத்துல துண்டு தேவைப்படல.

அதுலருந்து இன்னைக்கு வரைக்கும் பெரிசா மாறல. நாலே முக்காலுக்கு அலாரம் (அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும், அது வேற). காலடிப்பேட்டையிலருந்து சைக்கிள். டி.எச். ரோட்ல அந்த நேரத்துக்கு பால் வண்டியும் பேப்பர் கட்டு பிரிக்கிற பசங்களும் மட்டும்தான். தேரடி தாண்டும்போது தியாகராஜர் கோயில் பக்கத்துலருந்து பூக்கட்டு வாசனை வரும். பட்டினத்தார் சமாதியைக் கடந்தா எண்ணூர் விரைவுச் சாலை. அங்க கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நிக்கும். டிரைவருங்க பாதிப்பேர் ஸ்டியரிங் மேல தலை சாய்ச்சு தூங்கிட்டு இருப்பாங்க. ஒருத்தர் மட்டும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு டயர் ஓரமா பல் விளக்குவார். லாரிக்கும் லாரிக்கும் நடுவுல சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனா, அந்தப் பக்கம் கடல்.

டீசல் நாத்தம் பத்தடியில முடிஞ்சிடும். அதுக்கப்புறம் உப்பு வாசனைதான். இதை எத்தனை தடவை அனுபவிச்சாலும் எனக்கு அலுக்கல.

*

ஏன் விடிகாலை? சாயந்திரம் போனா ஆகாதா?

ஆகாது. ராத்திரியெல்லாம் தரை சீக்கிரம் குளிர்ந்துடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால காத்து தரையிலருந்து கடல் பக்கம் வீசும். எதிர்க்காத்து பட்டு அலையோட தலை அடங்கி, தண்ணி வழவழன்னு கிடக்கும். வெயில் ஏறி தரை சுட ஆரம்பிச்சதும் கதை தலைகீழ். கடல்காத்து கிளம்பும், தண்ணி கலைஞ்சுடும், எதுவும் தெரியாது. ஆக, நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கிடைக்கிறது அந்த ஒண்ணரை மணி நேரம்தான். குல்மார்க்ல பனிச்சறுக்கு விடுறவங்க யாரும் கால் வைக்காத பனிக்காக முதல் கொண்டோலாவைப் பிடிக்க விடிகாலையில போய் நிப்பாங்களாம். அந்த வெறி எனக்கு நல்லாவே புரியுது. அவங்களுக்குப் பனி, எனக்கு யாரும் கலைக்காத தண்ணி. செலவுதான் ஏணி வச்சாலும் எட்டாது :-)

இறங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு தண்ணியைப் பார்க்கணும். இது குப்பத்து ஆளுங்க சொல்லிக்கொடுத்த பாடம். தெற்கேயிருந்து வடக்கே ஓடுற நீரோட்டம் தெண்டி. வடக்கேயிருந்து தெற்கே ஓடினா வன்னி. எது ஓடுதுன்னு பார்த்து, அதுக்கு எதிர்ப்பக்கமா முதல்ல நீந்தணும். களைச்சுப்போனப்புறம் திரும்பி வரும்போது தண்ணியே தள்ளிவிடும். இது தெரியாம நல்லா நீச்சல் தெரிஞ்சவனே மாட்டிக்குவான். கச்சான் காத்து அடிக்கிற நாள்ல கடல் குளம் மாதிரி அமைதியா இருக்கும், ஆனா ரொம்ப தூரம் போகக்கூடாது. தரையிலருந்து வீசுற காத்து நம்மளையும் சேர்த்து வெளியே தள்ளும். ஐப்பசியிலருந்து மார்கழி வரைக்கும் இறங்கவே மாட்டேன், கரையோட நடை மட்டும். வாடைக்காத்து நேரத்துக் கடலோட விளையாடக் கூடாது.

ஜூன்ல சூரியன் 5.40 சுமாருக்கே வந்துடும். ஜனவரி கடைசியில 6.35 ஆகும். நான் வருஷம் முழுக்க ஒரே நேரத்துக்குத்தான் போவேன். அதனால சில மாசம் வெளிச்சத்துல நீச்சல், சில மாசம் அரை இருட்டுல கரையோரமா ஒரு முங்கல். வெளியே நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுங்க விளக்கு ஒரு சின்ன ஊரு மாதிரி தெரியும். சூரியன் எட்டிப் பார்த்ததும் ஒவ்வொண்ணா அந்த ஊரு காணாமப் போகும். மல்லாக்க மிதந்துக்கிட்டு இதைப் பார்த்துட்டு இருக்கறதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியல. தியானம்னு சொன்னா அப்பா திட்டுவார்.

ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். முன்னாடி 45 நாள், 2017-லருந்து 61 நாள். விசைப்படகு எல்லாம் காசிமேட்டுல கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகு மட்டும் போய் வரும். அந்த ரெண்டு மாசம் கடல்ல இன்ஜின் சத்தம் குறைஞ்சு, தண்ணி தண்ணியைத் தொடுற சத்தம் கேக்கும். குப்பத்துல வருமானம் குறைஞ்சு கஷ்டப்படுற மாசம் அது. அதைப் போய் நான் ரசிக்கிறேனேன்னு கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கு. மறைக்க விரும்பல.

*

நிற்க. இனிமேதான் விஷயத்துக்கு வர்றேன்.

நான் நீச்சல் கத்துக்கிட்ட கரை இப்போ இல்ல. அப்பா சைக்கிளைச் சாய்ச்சு வச்ச இடத்துலருந்து தண்ணி தொட கொஞ்ச நேரம் மணல்ல நடக்கணும், நல்லா ஞாபகம் இருக்கு. இப்போ அந்த இடத்துல ரோட்டை ஒட்டி ஆள் உயரப் பாறாங்கல்லு. அதுக்குக் கீழ கடல்.

இது யாரோ மணல் கொள்ளை அடிச்சு வந்தது இல்ல. நம்ம கடற்கரையில வருஷத்துல பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துக்கிட்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துல மட்டும் திரும்பி வரும். கூட்டிக் கழிச்சா வரவு வடக்குக்குத்தான். 1876-ல மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கடல்ல குறுக்கே சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. 1881 புயல் அதை உடைச்சுப் போட்டுது. திரும்பவும் கட்டினாங்க. அந்த வடக்கே போற மணல் சுவர்ல முட்டி நின்னுடுச்சு. துறைமுகத்தோட கிழக்கு வாசல்ல மணல் தொந்தரவு தாங்காம, சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்துல வாசலையே வடகிழக்குப் பக்கம் மாத்த வேண்டியதாப் போச்சு.

முட்டி நின்ன மணல் எங்க போச்சு? துறைமுகத்துக்குத் தெற்கே குவிஞ்சது. மெரினாவுல ரோட்டுலருந்து அலை வரைக்கும் நடந்து கால் வலிக்குதுன்னு சொல்றீங்களே, அந்த அகலத்துல பெரும்பகுதி இப்படி வந்ததுதான். வடக்கே வர வேண்டிய மணல் வராததால ராயபுரத்துலருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. தெருத்தெருவா வீடுங்க போச்சு. ரோடு போயிடும்னு கல்லைக் கொட்டினாங்க. கல்லுல மோதுற அலை கீழ இருந்த மிச்ச மணலையும் இழுத்துட்டுப் போச்சு.

அதனால அடுத்த தடவை மெரினாவுல சுண்டல் சாப்பிடும்போது ஒரு நிமிஷம் எங்களை நினைச்சுக்கோங்க. நீங்க உக்காந்திருக்கறது பாதி எங்க மணல் :-)

இதுல எனக்கு யார் மேலயும் கோபப்பட முடியல. ஏன்னா துறைமுகம்தான் எங்க வீட்டுக்கு சோறு போட்டுச்சு. அப்பாவோட சம்பளம், அக்கா கல்யாணம், என் படிப்பு, எல்லாம் அந்தச் சுவருக்கு உள்ள இருந்து வந்த காசு. அதே சுவர்தான் அவர் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த மணலையும் எடுத்துக்கிச்சு. ரெண்டும் உண்மை.

*

என் வருத்தம் வேற. நஷ்டக் கணக்கு போடும்போது நாங்க எதை இழந்தோம்னு முழுசா எழுதுறதே இல்ல.

2017 ஜனவரி 28. விடிகாலை நாலு மணி சுமாருக்கு எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. எர்ணாவூர் கரையில தார் மாதிரி எண்ணெய் ஒதுங்குச்சு. வாளி வச்சு அள்ளினாங்க, உலகமே பார்த்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப் போச்சு. அதே மாசம் 26-ம் தேதி நடுராத்திரி நெருங்கும்போது கடலுக்கு அடியில போற குழாய்லருந்து அம்மோனியா கசிஞ்சு பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினாங்க.

ஒவ்வொரு தடவையும் எத்தனை படகு, எத்தனை வலை, எத்தனை நாள் வருமானம், எத்தனை பேர் ஆஸ்பத்திரியிலன்னு கணக்கு எடுத்தாங்க. எடுக்கத்தான் வேணும். முதல்ல அதுதான் வேணும். அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது.

ஆனா இன்னொண்ணும் போச்சு. தினமும் காலையில கரையில உக்காந்து கதை பேசிட்டுப் போற பாட்டிங்க, கால்பந்து ஆடுற பசங்க, ஷிஃப்ட் முடிஞ்சு முகம் கழுவ வர்ற லோடுமேனுங்க, என்னை மாதிரி நீச்சல் பைத்தியங்க. காசு கொடுக்காம எங்களுக்குக் கிடைச்ச ஒரே ஆடம்பரம் இந்தக் காலை நேரம். அது எந்தப் பட்டியல்லயும் வரல. தெற்குப் பக்கம் கடற்கரைன்னா "பொழுதுபோக்கு இடம்". வடக்குப் பக்கம் கடற்கரைன்னா "வாழ்வாதாரம்", "மாசு", "அரிப்பு". ஏன், எங்களுக்குப் பொழுதே போகக் கூடாதா? ஏழைப்பட்ட ஊருன்னா பசியும் நோயும் மட்டும்தான் இருக்கும், சந்தோஷம் இருக்காதுன்னு யார் சொன்னது?

பட்டியல்ல இல்லாத ஒண்ணு போனா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. கேக்காததைக் கட்டித் தரவும் மாட்டாங்க. இதுதான் ஆபத்து.

*

"கடல் ஆபத்துங்க, ஒவ்வொரு லீவுக்கும் பசங்க செத்துப் போறாங்க, நீங்க வேற ஊக்கம் கொடுக்கறீங்களே"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 காலையில நான் கரையிலதான் நடந்துட்டு இருந்தேன். மார்கழிங்கறதால தண்ணியில இறங்கல. ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் அலை வந்துச்சு. முந்தின நாள் வரைக்கும் கையாட்டிட்டுப் போன முகங்கள் சிலது அப்புறம் இல்ல. எட்டு மாசம் நான் கடல் பக்கமே போகல. அதனால கடலோட குணம் தெரியாம பேசுறேன்னு நினைக்காதீங்க.

ஆனா ஆபத்துங்கறதுக்கு மருந்து பூட்டு போடறது இல்ல. சொல்லிக் கொடுக்கறது. கடலோரத்துல பொறந்து நீச்சல் தெரியாம வளர்ற பசங்க இப்போ எங்க பக்கம் நிறைய. கரை இல்லையே, எங்க கத்துக்குவான்? கல்லு மேல நின்னு நேரா ஆழத்துல குதிக்கிறான், திரும்பி ஏற வழி தெரியல. 1994-ல நம்ம சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் பாக் ஜலசந்தியில ஆரம்பிச்சு ஒரே வருஷத்துல ஆறு ஜலசந்தி நீந்தினப்போ ஊரே கொண்டாடுச்சு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல பாக் ஜலசந்தியைப் போயிட்டுத் திரும்பியும் நீந்தினவர். சாதனை வரும்போது கைதட்டுறோம். சாதாரண ஒரு பையன் சாதாரணமா நீந்திப் பழக ஒரு இடம் கேட்டா மட்டும் "இதெல்லாம் தேவையா"ங்கறோம்.

தேவைன்னு நான் நினைக்கறது மூணே மூணு. பெரிய திட்டம் எதுவும் இல்ல.

ஒண்ணு, கல்லுச் சுவர்ல அங்கங்க படிக்கட்டும் கைப்பிடியும். அயர்லாந்துல டப்ளின் பக்கத்துல ஃபார்ட்டி ஃபுட்னு ஒரு இடம். பாறைக் கரைதான், மணல் கிடையாது. படியும் கைப்பிடிக் கம்பியும் இருக்கறதால வயசானவங்க கூட குளிர்காலத்துல இறங்கி நீந்துறாங்க. நம்ம ஆளுங்களுக்குக் கல்லு அடுக்கத் தெரியும், படி அடுக்கத் தெரியாதா?

ரெண்டு, தூண்டில் வளைவு போடும்போது அதுக்கு நடுவுல சேர்ற மணலை ஊர் ஜனங்களுக்குன்னு விட்டு வைக்கணும். கரையிலருந்து கடலுக்குள்ள தூண்டில் முள்ளு மாதிரி நீளுற கல்லு வரிசைதான் தூண்டில் வளைவு. எங்க பக்கம் இது போட்டப்புறம் சில இடத்துல மணல் திரும்பி வந்திருக்கு, நானே பார்க்கிறேன். கைக்குட்டை அளவு மணல்தான். அதையும் குப்பை கொட்டவும் லாரி நிறுத்தவும் விட்டுடாம இருந்தா போதும்.

மூணு, தண்ணி எப்படி இருக்குன்னு ஒரு போர்டு. குளிக்கத் தகுந்த கடல்நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எஸ்.டபிள்யூ-2ன்னு ஒரு தரம் வச்சிருக்கு. 100 மில்லி தண்ணியில மலக்கிருமி 100-க்கு மேல போகக் கூடாதுங்கறது அதுல ஒண்ணு. கோவளத்துக்கு 2021-ல நீலக்கொடி கிடைச்சுது, சந்தோஷம். எங்களுக்குக் கொடி வேணாம். இன்னைக்கு இறங்கலாமா வேணாமான்னு நேர்மையா ஒரு பலகையில எழுதிப் போட்டா போதும். இப்போ நான் மூக்கையும் தோலையும் நம்பித்தான் இறங்குறேன். எண்ணெய் வாசனை வந்தா திரும்பிடுவேன். சில நாள் அரிப்பு எடுத்து வேப்பிலை போட்டு குளிச்சிருக்கேன். ஆபீஸ் தம்பி கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: ஆமா, அந்தத் தண்ணியிலதான். அது சுத்தமா இருக்கணும்னு கேக்கறவன் அதுல இறங்குறவனாத்தான் இருக்கணும். யாருமே இறங்காத தண்ணியைப் பத்தி யாருக்கு என்ன கவலை?

*

அப்பாவுக்கு இப்போ எண்பத்திநாலு. முட்டி ஒத்துழைக்கல. அந்தக் கல்லுச் சுவர் வந்ததுலருந்து அவர் கடலை ரோட்டுல நின்னுதான் பார்த்துட்டு இருந்தார். கல்லு தாண்டி இறங்க முடியாது. கேக்கவும் மாட்டார். "பார்த்தாச்சு, போலாம்டா" அவ்வளவுதான்.

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு தூண்டில் வளைவுக்கு நடுவுல மணல் சேர்ந்த அந்த இடத்துக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். வலை காயப்போட்டுட்டு இருந்த ஒரு அண்ணன் ஓடி வந்து "பெரியவரே, பாத்து, என் தோளைப் புடிச்சிக்கோ நைனா"ன்னு இன்னொரு பக்கம் தாங்கிக்கிட்டார். ரெண்டு பேருமா மணல்ல நடத்திட்டுப் போனோம். கணுக்கால் அளவு தண்ணியில நின்னார். வேட்டி நனைஞ்சதைக் கவனிக்கல. நான் அவர் துண்டோட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் தண்ணியைப் பார்த்துட்டே சொன்னார்:

"தெண்டி ஓடுது. நீ போறதா இருந்தா முதல்ல தெக்கால போ."

போனேன். திரும்பி வரும்போது தண்ணி தள்ளிவிட்டுச்சு. அவர் அங்கேயே நின்னுட்டு இருந்தார்.

இதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்களோ எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு கணக்குல சேருங்க.